அப்பன் தொழிலா, ஊர்த் தொழிலா?

பள்ளிப் பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே அழைத்துச் செல்லுங்கள். பஞ்சாலையைக் காட்டுங்கள், உப்பளத்தைக் காட்டுங்கள், கண்மாய்க் கரையில் நிறுத்திப் பாடம் நடத்துங்கள் என்று யாரேனும் பேசினால், நம் தோழர்களில் பலர் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். "இது அந்தப் பழைய சரக்கு அல்லவா? 1953இல் நம் முன்னோர் தெருவில் நின்று விரட்டியதை, இப்போது புதுச் சட்டை மாட்டி அழைத்து வருகிறார்களா?" என்று கேட்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்தை நாம் கேலி செய்யமாட்டோம். கல்வியின் பெயரால் ஏமாற்றப்பட்டவன், அந்தப் பெயரைக் கேட்டதும் கையைப் பின்னுக்கு இழுப்பது இயல்பு. ஆனால் சந்தேகத்தோடு நின்றுவிட்டால் நட்டம் யாருக்கு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போகிறது, கோளரங்கம் பார்க்கிறது, அப்பாவின் அலுவலகத்தைப் பார்க்கிறது, மாமாவின் மருத்துவமனையைப் பார்க்கிறது. பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு உலகத்தைக் காட்ட ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அது பள்ளிக்கூட வாசல். அந்த வாசலும் உட்பக்கம் தாழிட்டுக் கிடந்தால்?

ஆகவே, அன்று எதை எதிர்த்தோம், இன்று எதைக் கேட்கவேண்டும் என்று பிரித்துப் பார்ப்போம்.

இளைய தோழர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். 1953. சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் இராஜாஜி. கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி. பிள்ளைகள் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்குக் காலையில் பள்ளி, மறு பிரிவுக்குப் பிற்பகலில். மீதி நேரத்துக்கு? வீட்டிலே இருந்து பெற்றோரின் தொழிலைப் பழகிக்கொள்ள வேண்டும். பணம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, பள்ளிக்கே வராத பிள்ளைகள் ஏராளம். இருக்கிற கட்டடத்தையும் இருக்கிற ஆசிரியரையும் வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது சர்க்கார் சொன்ன கணக்கு.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்குக்கு அடியில் கிடந்த கருத்துதான் நாற்றமெடுத்தது. சலவைத் தொழிலாளி மகன் வெள்ளாவி வைக்கவும், சவரத் தொழிலாளி மகன் கத்தி தீட்டவும், தோட்டி மகன் துடைப்பம் எடுக்கவும் பழகுவது கல்வி என்றால், வக்கீல் வீட்டுப் பிள்ளை மட்டும் அதே பிற்பகலில் எந்தத் தொழிலைப் பழகும்? வக்கீல் தொழிலைத்தானே? பிறப்பால் வந்த ஏற்றத்தாழ்வுக்குச் சர்க்கார் முத்திரை குத்திக் கொடுப்பதுதானே இது? பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார். சர்க்கார் வைத்த நீண்ட பெயர் காகிதத்தில் கிடந்தது. பெரியார் வைத்த பெயர் ஊரெங்கும் நடந்தது. 1953 ஜூலையில் கிளர்ச்சி மூண்டது. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இதே இராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் 150 மைல் தொண்டர்களை நடத்திச் சென்றவர். வக்கீலும் மாணவனும் வணிகனும் கடற்கரைச் சேற்றிலே கைவைத்து உப்பு எடுத்தார்கள். அப்பன் தொழில் என்ன என்று அன்று அவர் யாரையும் கேட்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டு கழித்துக் கேட்டார்.

தவறு எங்கே? பிள்ளை பள்ளிக் கட்டடத்தை விட்டு வெளியே போனதிலா? இல்லை. படிப்பு நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு வெளியே அனுப்பினார்கள். ஆசிரியர் துணையில்லாமல் அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனவனை அவனவன் அப்பன் வாசலுக்கே திருப்பி அனுப்பினார்கள். காலையில் அந்தக் குடிசையிலிருந்து புறப்பட்டு வந்த பிள்ளைக்கு அதே குடிசையைக் காட்டுவது என்ன சுற்றுலா?

இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், தோழர்களே! பள்ளி நேரத்தில், ஆசிரியரோடு, ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும், ஊரில் உள்ள அத்தனை தொழிலையும் பார்க்கப் போகிறார்கள். குயவர் மகள் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்க்கிறாள். மருத்துவர் மகன் குயவரின் சூளையைப் பார்க்கிறான். இருவரும் சேர்ந்து மின்வாரியத் துணை நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று, அந்தப் பெரிய மின்மாற்றி ஏன் உறுமுகிறது என்று கேட்கிறார்கள். இதிலே குலம் எங்கே இருக்கிறது? குலத்தை உடைக்கும் சம்மட்டி அல்லவா இது!

எந்தத் திட்டத்தையும் நாம் உரைத்துப் பார்க்க வேண்டிய கல்லும் இதுதான். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட புதிய கல்விக் கொள்கையில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல், உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பிள்ளைகள் பயில வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். யார் அந்த வல்லுநர்கள்? தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலியோர் என்று வரிசை போகிறது. தச்சரும் குயவரும் நம்மவர்கள். அவர்கள் பெயர் வந்ததில் நமக்கு வருத்தமில்லை. வரிசையில் பொறியாளர் பெயர் வரவில்லையே, நீதிபதி பெயர் வரவில்லையே, விஞ்ஞானி "முதலியோர்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டாரே, அதுதான் நம் கேள்வி. பெரிய கட்டணப் பள்ளியின் பிள்ளைக்கு அந்தப் பத்து நாள் ஒரு பொழுதுபோக்காகவும், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அதுவே தலைவிதியின் முன்னுரையாகவும் ஆகிவிடாது என்பதற்கு என்ன உறுதி? 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து திறந்துவிட்டார்கள். ஆபத்தான தொழில் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. இருக்கட்டும். சந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தால், மறுபடியும் அப்பன் வாசலுக்குத்தான் போகிறது.

சரி, ஊரைப் பார்க்கப் போகிற பிள்ளை எதைக் கற்றுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் ராட்டினம் சுற்றி, தண்ணீரிலே குதித்து, ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருவதை நாம் சொல்லவில்லை. அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டும்தான். ஆனால் அது திருவிழாக் கணக்கில் சேர வேண்டியது. நாம் சொல்வது பாடம்.

கோவையை எடுத்துக்கொள்வோம். 1888இல் அங்கே முதல் நூற்பாலை எழுந்தது. அன்று தொட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சோடும் நூலோடும் வாழ்ந்த குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. ரிங் ஃபிரேமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவரை வகுப்புக்கு முன்னால் நிறுத்துங்கள். கையிலே நாலு நூற்கண்டு கொடுங்கள். அவர் சொல்வார்: நூலுக்கு நம்பர் உண்டு, 20, 40, 60, 100 என்று. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஏன் அப்படி? 840 கெஜ நீளம் ஒரு சிட்டம். ஒரு இராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூல் ஒரு இராத்தல் என்றால் 40 சிட்டம். நீட்டிப் பிடித்தால் 33,600 கெஜம். முப்பது கிலோமீட்டருக்கும் மேல். 60ஆம் நம்பர் என்றால் 50,400 கெஜம். ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கோவையிலே ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால், பொள்ளாச்சி போய்ச் சேர்ந்த பிறகும் கையிலே நூல் மிச்சம் இருக்கும். அரைக் கிலோவுக்கும் குறைந்த நூல், தோழர்களே!

எதிர்விகிதம் என்று கரும்பலகையில் எழுதி, ஆறு ஆள் எட்டு நாளில் கட்டிய சுவரை எத்தனை ஆள் நாலு நாளில் கட்டுவார் என்று ஆண்டாண்டாகக் கேட்டு வருகிறோம். எந்தச் சுவர், யார் கட்டியது, கூலி என்ன என்று எவருக்கும் தெரியாது. நூல் நம்பர் கணக்கைப் போட்ட பிள்ளை எதிர்விகிதத்தை மறக்காது. தன் சட்டையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு ஞாபகம் வரும். அத்தோடு முடியவில்லை. ஆலைக்குள்ளே ஏன் ஈரக்காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? காற்று உலர்ந்தால் இழை அறும். இது பௌதிகம். இழை அறாமல் இருக்க ஈரம் ஊட்டுகிறவர்கள், பறக்கும் பஞ்சுத் தூசி தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகாமலிருக்க என்ன செய்தார்கள்? இது உடற்கூறு. இரண்டுக்கும் நடுவே நின்று இருமுகிற பெரியவரைப் பார்த்தால், அதற்கு எந்தப் பாடப் பெயரும் தேவையில்லை. அங்கிருந்து சின்னியம்பாளையம் தொலைவில் இல்லை. 1946 ஜனவரி 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளிகள் நால்வரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. வரலாறு என்றால் பட்டமேறிய ஆண்டும் பட்டம் இறங்கிய ஆண்டும் என்று நினைத்திருக்கும் பிள்ளைகளை அங்கே ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்.

தூத்துக்குடிப் பிள்ளைக்கு உப்பளம். வேதியியலை ஆய்வுக்கூடம் இல்லாமல் எப்படிக் கற்பிப்பது என்று அழுகிறோம். ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆய்வுக்கூடம் வெயிலில் விரிந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் மொத்தம் 35 கிராம் அளவு. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் தின்னும் உப்பு. மீதியெல்லாம் வேறு வேறு. அப்படியானால் தின்னும் உப்பை மட்டும் எப்படிப் பிரிக்கிறார்கள்? எந்த இயந்திரமும் இல்லை. வெயிலும் பாத்தியும்தான். நீர் வற்ற வற்ற, எளிதில் கரையாதது முதலில் கீழே படியும். சுண்ணாம்புச் சத்து படியும். பிறகு ஜிப்சம் படியும். அதற்காகத் தனிப் பாத்திகள். தெளிந்து முற்றிய நீரை அடுத்த பாத்திக்கு விட்டால் உப்பு விளையும். விளைந்து முடிந்ததும் எஞ்சிய நீரைக் காலம் தாழ்த்தாமல் வெளியேற்ற வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். எப்போது நீரைத் திறப்பது, எப்போது மூடுவது? அடர்த்தி அளக்கும் கருவி உண்டு. கருவி வருமுன்பே தொழிலாளியின் கண்ணுக்கும் கைக்கும் தெரியும்.

இத்தனையும் தெரிந்த அந்தத் தொழிலாளியைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். நண்பகல் வெயில் வெள்ளை உப்பிலே பட்டுத் திருப்பி அடிக்கும்போது கண் எப்படிக் கூசுகிறது என்பதை ஐந்து நிமிடம் நின்று அறிய வேண்டும். தலையில் உப்புச் சுமந்து வரப்பிலே ஓடுகிற தாய்மாரின் பாதத்தைப் பார்க்க வேண்டும். குடிதண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். சோற்றிலே உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிற பிள்ளை, மறுநாள் தட்டைத் தள்ளுமா தள்ளாதா, நமக்குத் தெரியாது. ஆனால் கரைதிறன் என்ற சொல்லுக்கு அதன் நெஞ்சிலே ஒரு முகம் இருக்கும்.

சென்னைப் பள்ளிகளுக்கு வழி இன்னும் குறுகியது. மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையைப் புரட்டும் அந்த நான்கு பேருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் இதே கடற்கரையில் மே தினம் கொண்டாடினார் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லத்தான் ஆளில்லை.

கீழடிக்கு வருவோம். இன்று அந்தப் பெயரைச் சொல்லாத மேடையில்லை. 2023இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். நல்லது. ஆனால் கீழடியின் கதையிலேயே நம் கட்சிக்கு ஒரு சாட்சி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. 1970களில் அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பழங்காலத்தைப் பற்றி அவர் வகுப்பில் பேசியபோது, தங்கள் பக்கத்தில் கிணறு வெட்டிய இடத்தில் பழைய பானைகளும் பொருள்களும் கிடப்பதாக மாணவர் வழியே சேதி வந்தது. "அதெல்லாம் தேர்வில் வராது, உட்கார்" என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். கிடைத்தவற்றைத் திரட்டினார், காப்பாற்றினார், தொல்லியல் துறைக்கும் தெரிவித்தார். நாற்பது ஆண்டு கழிந்தது. வைகைக் கரை நெடுக ஆய்வு செய்து வந்த மத்தியத் தொல்லியல் துறையினர் 2015இல் அந்தத் தென்னந்தோப்பில் குழி வெட்டினார்கள். பிறகு மாநிலத் துறை தொடர்ந்தது. கீழடியின் ஒரு மண்ணடுக்கு கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று 2019இல் அறிக்கை வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது.

பிள்ளைக்கும் ஊருக்கும் நடுவே இருந்த சுவரில் ஓர் ஆசிரியர் சன்னல் திறந்து வைத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேனிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, மாணவர்களுக்குக் கல்வெட்டைப் படியெடுக்கவும் படிக்கவும் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் சுற்றுவட்டாரத்தில் பழம்பொருள்களைக் கண்டு சொன்னதும் நடந்தது. எந்த மலையூரில், எந்தக் கடலோரத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் சொல்லக் காத்திருக்கிறார்களோ!

இவ்வளவு சொல்லும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. ஊர், ஊர் என்கிறோம். நம் ஊர் ஒன்றா? ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகத்தானே கிடக்கிறது? ஊரைக் காட்டப் புறப்படுகிற ஆசிரியர், கோயிலைக் காட்டி, பண்ணையார் தோப்பைக் காட்டி, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் மோர் வாங்கிக் குடிக்கவைத்துத் திரும்பிவிட்டால், அது பாதி ஊரை மறைத்த பாடம். கண்மாய்க் கரைக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 நீர்நிலைகள் உண்டு என்பது கணக்கு. ஏதாவது ஒன்று பள்ளிக்கு அருகில் இருந்தே தீரும். கரையைவிடக் கலிங்கு ஏன் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது, மடையை உயர்த்தினால் நீர் எவ்வளவு வேகத்தில் பாய்கிறது, மண் மேவினால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று அளக்கட்டும். ஆனால் மடை திறந்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சி, வெள்ளம் வந்த இரவில் கரையைக் காத்தவர்கள் யார், அவர்கள் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது, நீர் கடைசியாக எவர் வயலுக்குப் போகிறது என்றும் பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டுவிட்டு அந்த வீட்டு வாசலுக்கும் போகட்டும். அங்கேயும் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும். புவியியல் பாடத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது. பரவாயில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துக்கொள்ள நமக்கு விருப்பமில்லை. அவர்கள் நிலைமையை நாம் அறிவோம். பாடம் முடிக்க வேண்டும். தேர்வு வைக்க வேண்டும். கைபேசியிலும் கணினியிலும் அன்றாடம் விவரம் ஏற்ற வேண்டும். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஒரு வகுப்பை வெளியே அழைத்துப் போனால் மற்ற வகுப்புகளுக்குக் காவல் யார்? வழியில் ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்கினால் விசாரணை யார் மேல்? இதற்கு அஞ்சித்தான் நல்ல ஆசிரியர்கூடக் கதவைச் சாத்திக்கொள்கிறார். 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதைத்தான் தன் முதல் நெறியாக வைத்தது. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும், பிள்ளைகள் செய்து பார்த்தும், தேடிக் கண்டறிந்தும் கற்க வேண்டும் என்று 29ஆம் பிரிவில் எழுதியது. எழுதியவர்கள், அந்த ஆசிரியரோடு கூடப் போக இரண்டாவது ஆளுக்கு ஊதியம் எழுதினார்களா? இந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. கூடப் போக ஊர் இருக்கிறது, நாம் இருக்கிறோம்.

அடுத்தது பணம். இதைத்தான் நாம் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், சந்தையில் மூட்டை சுமப்பவர். மகள் எட்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் சுற்றுலா அறிவித்தார்கள். தலைக்கு அறுநூறு ரூபாய். மாதக் கடைசி. தோழர் இரண்டு நாள் அங்குமிங்கும் கேட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் மகளே சொல்லிவிட்டாள்: "அப்பா, எனக்கு பஸ்ஸிலே போனா வாந்தி வரும்ப்பா. நான் போகலை." அந்தப் பெண்ணுக்கு அதுவரை பஸ்ஸில் வாந்தி வந்ததே இல்லை. சுற்றுலா போன நாளன்று அவளும், அவளைப் போல இன்னும் ஆறு பேரும், பூட்டிய வகுப்புக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் தமிழ்ப் பாடத்தில், நான் சென்ற சுற்றுலா என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் தோழிகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். தோழர் அந்த நோட்டை நம்மிடம் காட்டினார். எதற்காகக் காட்டினார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவரை விமானம் ஏற்றி வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்ற செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். மகிழ்ந்தோம். ஓலைக் குடிசைப் பிள்ளை ஆகாயத்தில் பறந்தால் நமக்கு மகிழ்ச்சிதானே! ஆனால் அது வென்ற பிள்ளைக்குப் பரிசு. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வேண்டியது பரிசல்ல, பாடம். பாடத்துக்குக் கட்டணம் வாங்குவது எந்த ஊர் இலவசக் கல்வி? தலைக்கு இவ்வளவு என்று சீட்டு அனுப்பும் அந்த நிமிடத்திலேயே வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. கட்ட முடியாதவர் மட்டும் கைதூக்குங்கள் என்று கேட்பது அதைவிடக் கொடுமை. போனால் எல்லோரும் போவது. இல்லாவிட்டால் எவரும் போகாமலிருப்பது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று அஞ்சவும் வேண்டாம். முதல் பயணம் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். தபால் நிலையம், ரேஷன் கடை, ரைஸ்மில், பட்டறை, கால்நடை மருத்துவமனை, நீரேற்று நிலையம், பஸ் டிப்போ. காலணா செலவில்லை. சற்றுத் தொலைவு என்றால் நகரப் பேருந்து. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போக வழி செய்யப்பட்டது. வகுப்பில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். மீதிப் பாதிக்கு ஒரு நாள் பயணச்சீட்டு வாங்க ஒரு தொழிற்சங்கக் கிளையால் முடியாதா? ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வைக்கிற செலவில் பாதி ஆகாது. ஆலை நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டுமானால், பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடு சங்கச் செயலாளரும் போய் நிற்கட்டும். கூலி உயர்வுக்கு நின்ற வாசல்தானே, பழக்கமான வாசல்தானே!

பாதுகாப்பில் மட்டும் துளியும் அலட்சியம் ஆகாது. வெடிமருந்துப் பட்டறைக்கும் ஆழ்குழிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போவது வீரமல்ல. ஓடுகிற பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் அருகே எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதை அங்கே வேலை செய்பவர் சொல்ல வேண்டும். அவர் சொன்ன இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. பார்க்கப் போன பிள்ளையைக் கொண்டு ஒரு கூடை மண்ணையும் அள்ளவைக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு கூடை என்று தொடங்குவதுதான் நாளைக்கு மூன்று மணிப் பள்ளிக்கூடமாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் யார் கேட்பது? சட்டம் நம் கையில் ஒரு நாற்காலியைக் கொடுத்திருக்கிறது. அதில்தான் நாம் உட்காருவதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதே அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. அந்தத் திட்டத்தில் சுற்றுச்சுவர் இருக்கிறது, கழிவறை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. வேண்டியவைதான். எந்த வகுப்பு, எந்த மாதம், எந்தத் தொழிலிடத்துக்குப் போகும் என்று ஒரு வரி எத்தனை பள்ளியில் இருக்கிறது? கூட்டம் நடக்கிற நாளில் நாம் ஷிப்டில் இருக்கிறோம். வீட்டுக்காரம்மாவை அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்லுகிறோம். கையெழுத்து எதற்கு என்று அவரும் கேட்பதில்லை, சொல்வாரும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் ஷிப்டு மாற்றிக்கொண்டு இருவருமாகப் போங்கள். தலைமையாசிரியரிடம் மரியாதையோடு இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் எங்கெங்கே போனார்கள்? போகாமல் நின்றுபோன பிள்ளை யார், எதனால்? கிடைத்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், நூல் நம்பர் கணக்குச் சொல்லிக்கொடுக்க நம் சங்கத்திலே ஆள் இருக்கிறார், எந்த நாளில் அனுப்பட்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.